போன வயலுக்கே போகணும்

போன மாதம் இந்தப் பக்கத்தில், ஊர் ஊராகப் போய் லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களைப் பற்றி எழுதியிருந்தேன். ‘டிஜிட்டல் நாடோடிகள்’ என்று சொல்கிறார்கள். 2016 முதல் நானும் அப்படித்தான் வாழ்கிறேன். மென்பொருள் நிறுவனங்களுக்குப் பயனர் கையேடு எழுதுவது என் தொழில். விமானம், விசா, வைஃபை பற்றித்தான் நிறையக் கேள்வி வரும் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறொன்றைக் கேட்டன: இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஊர் என்று ஒன்று மிஞ்சுமா? அதனால் இந்த முறை அதையே எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 27. வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பதினான்கு மாதங்களில் பதினொரு நகரங்களில் தங்கிவிட்டேன். பாலி, ஹனோய், டா நாங், திபிலீசி, இஸ்தான்புல் என்று பட்டியல் நீளும். முதலில் ஆசையாக இருந்தது. இப்போது காலையில் கண் விழித்தால் எந்த ஊரில் இருக்கிறேன் என்று சில நொடி பிடிபடுவதில்லை. எல்லா ஊரிலும் அதே கஃபே, அதே மர மேசை, அதே பாட்டு. ஈரோட்டுக்கு வந்தாலும் இரண்டு வாரத்தில் மூச்சு முட்டுகிறது. எனக்கு என்ன ஆச்சு அக்கா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உனக்கு ஒன்றும் ஆகவில்லை தங்கச்சி. கணக்குப் போட்டுப் பார். பதினான்கு மாதத்தில் பதினொரு நகரம் என்றால் ஓர் ஊருக்கு ஐந்தரை வாரம். முதல் வாரம் சிம் கார்டு, துணி துவைக்க இடம், தண்ணீர் கேன் என்று போய்விடும். கடைசி வாரம் அடுத்த ஊருக்கு டிக்கெட்டும் அறையும் தேடுவதில் போய்விடும். நடுவில் மிஞ்சும் நாட்களிலும் பெரும்பகுதி திரையைப் பார்த்தபடி. ஓர் ஊருக்கு உன்னால் கொடுக்க முடிந்தது மூன்று, நான்கு ஞாயிற்றுக்கிழமைதான். அதற்குள் எந்த ஊரும் உன்னிடம் பேசத் தொடங்கியிருக்காது.

என் முதல் இரண்டு வருடம் இதைவிட மோசம். ஒரு நகரத்தில் காய்ச்சலோடு நான்கு நாள் படுத்துக் கிடந்தேன். நான்கு நாளும் என் கதவைத் தட்ட ஒருவரும் இல்லை. தட்ட வேண்டிய காரணமும் யாருக்கும் இல்லை, ஏனென்றால் நான் அங்கே இருக்கிறேன் என்பதே யாருக்கும் தெரியாது. காய்ச்சல் விட்டதும் நேராக ஊருக்கு வந்துவிட்டேன். கமுதிப் பக்கம், ராமநாதபுரம் மாவட்டம்.

அப்போது என் தாத்தா உயிரோடு இருந்தார். அம்மாவைப் பெற்றவர், கிடை போட்டவர். கிடை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தை மாதம் சம்பா அறுப்பு முடிந்ததும் எங்கள் பக்கத்து ஆட்டுக்காரர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ச் சீமைக்குப் போவார்கள். நாலைந்து குடும்பத்து ஆடுகள் சேர்ந்த மந்தை, அதற்குத் தலைவர் கீதாரி. பகலில் அறுத்த வயலிலும் வாய்க்கால் கரையிலும் மேய்ச்சல். இரவில் ஒரு வயலில் ஆடுகளை வளைத்து நிறுத்துவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். வயல்காரர் அதற்கு நெல்லோ பணமோ கொடுப்பார். பிறந்த குட்டிகளைக் கூட்டுக்குள் மூடி வைப்பார்கள். மேட்டூர் அணை திறக்க வேண்டிய ஜூன் 12 டெல்டாக்காரர்களுக்கு விதைப்புக் கணக்கு. என் தாத்தாவுக்கு அது ஊர் திரும்பும் கணக்கு.

இரண்டு வருடத்தில் நான் போன ஊர்களையெல்லாம் அவரிடம் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த ஊர்களுக்குத் திரும்ப எப்பப் போவே?” என்றார். திரும்பப் போகமாட்டேன், அடுத்தது வேற ஊர் என்றேன். அவருக்கு அது விளங்கவே இல்லை. “திரும்பப் போகாத ஊருக்கு எதுக்குப் போனே? போன வயலுக்கே போகணும் தாயி. அப்பத்தான் வயலுக்கு ஆளைத் தெரியும்.”

அவரைப் பார்க்கிறவர்கள் நாடோடி என்றுதான் நினைப்பார்கள். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் அவர் போனது அதே ஏழெட்டு ஊர்களுக்குத்தான். எந்தக் குளத்தில் சித்திரை வரை தண்ணீர் நிற்கும், எந்த வீட்டு வாசலில் மோர் கேட்கலாம், எந்த வரப்பில் ஆடு இறங்கினால் சண்டை வரும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. வயல்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு இரண்டு கிடாய் ஓட்டிக்கொண்டு போனார். ஊரில் மாசிக் களரி என்கிற குலசாமித் திருவிழா வந்தால் மந்தையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவார். குலசாமிக்கு முன்னால் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் மந்தைக்குத் திரும்புவார். 2022இல் அவர் இறந்தபோது மன்னார்குடிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் மாலையோடு வந்து இறங்கினார்கள். எங்களில் யாருக்கும் அவர்களைத் தெரியாது.

அவர் சொன்னதைக் கேட்ட பிறகு நான் மூன்று ஊர்களோடு நிறுத்திக்கொண்டேன். நவம்பரில் தாய்லாந்தின் சியாங் மாய். மாசிக் களரிக்குக் கமுதி, பங்குனி சித்திரை வைகாசி எல்லாம் அங்கேதான். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை மலேசியாவின் பினாங்கு. அக்டோபரில் மறுபடி கமுதி. எனக்கு வேலை தருபவர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் சியாங் மாயிலும் கோடையில் பினாங்கிலும் அவர்களுடைய காலை ஒன்பது மணி எனக்குப் பிற்பகல் மூன்று. அதனால் இரண்டு ஊரிலும் என் காலைப் பொழுது முழுதும் ஊருக்கு. இந்த நேரக் கணக்கைச் சாதாரணமாக நினைக்காதே. காலையில் சந்தைக்குப் போக முடியாத ஊரில் எத்தனை மாதம் இருந்தாலும் ஊர் பிடிபடாது.

சியாங் மாயில் வாரோரோட் சந்தைக்குப் பின்னால், பிங் ஆற்றிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு பழைய வீடு. மாடியில் எனக்கு ஓர் அறை, கீழே வீட்டுக்காரம்மா. ‘பா’ என்று கூப்பிடுகிறேன், தாய் மொழியில் பெரியம்மா என்று அர்த்தம். 2018 நவம்பரில் முதலில் போனபோது நான் வாடகைக்காரி மட்டும். இரண்டாம் வருடம் என் செருப்பு வைக்கும் இடம் அப்படியே காலியாக இருந்தது. அப்புறம் கொரோனா, இரண்டு குளிர்காலம் போகவில்லை. 2022இல் போனால், பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, இளைத்துவிட்டாய் என்பது.

அந்த ஊருக்கு ஒரு கெட்ட பருவம் உண்டு. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அறுவடைத் தாளையும் காட்டுச் சருகையும் எரிக்கும் புகை, காட்டுத்தீப் புகை எல்லாம் சேர்ந்து மலை சூழ்ந்த அந்தப் பள்ளத்தில் தேங்கிவிடும். உலகத்திலேயே மோசமான காற்றுள்ள பெருநகரங்களின் பட்டியலில் சியாங் மாய் முதல் இடத்துக்கு வரும் நாட்கள் உண்டு. ஊர்க் கோயிலுக்குப் பின்னால் தெரியும் தோய் சுதேப் மலை காணாமல் போய்விடும். எங்களைப் போன்றவர்கள் அதற்கு முன்பே பெட்டி கட்டிவிடுவோம். 2023இல் களரி முடித்துக் கமுதியில் இருந்தபோது, பாவுக்கு நெஞ்சு இரைக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை என்று செய்தி வந்தது. மார்ச்சில் திரும்பிப் போனேன். எல்லோரும் கிளம்பும் மாதத்தில் நான் போய் இறங்கினேன். ஜன்னல் இடுக்குகளுக்கு டேப் ஒட்டி, காற்று வடிகட்டியின் பஞ்சை மாற்றி, கஞ்சி வைத்துக் கொடுத்து மூன்று வாரம் இருந்தேன். கண் எரிந்தது, தொண்டை கட்டியது. நல்ல காற்றுள்ள நான்கு மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எத்தனை வருடம் போய்வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

2024 அக்டோபர் தொடக்கத்தில் பிங் ஆறு கரை மீறியது. நான் கமுதியில் இருந்தேன். செய்தியில் சந்தைத் தெருவைக் காட்டினார்கள். எந்தக் கடை வாசல் என்று படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பாவுக்கு போன் போட்டு, தண்ணீர் எத்தனையாவது படி வரை வந்திருக்கிறது என்று கேட்டேன். மூன்றாவது படி என்றார். அந்த மூன்றாவது படியில் வலது ஓரம் உடைந்திருக்கும். அது எனக்குத் தெரியும்.

உன் பதினொரு நகரங்களை மறுபடி ஒருமுறை நினைத்துப் பார் தங்கச்சி. எந்த ஊரில் வெள்ளம் என்று கேள்விப்பட்டால் நீ யாருக்காவது போன் போடுவாய்? அப்படி ஒன்று இருந்தால் அடுத்த வருடம் அதே மாதம், முடிந்தால் அதே அறைக்குத் திரும்பிப் போ. மூன்று மாதம் இரு. அப்படி எதுவுமே இல்லை என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதல்முறை போவது போலப் போ, ஆனால் திரும்பி வருவேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு. மற்ற பத்தை விட்டுவிடு.

ஈரோட்டில் மூச்சு முட்டுவதற்கு வேறு காரணம். அங்கே நீ விருந்தாளியாக வருகிறாய். சோறு தயார், கட்டில் தயார், உனக்கென்று வேலை இல்லை. நான் இப்போது எங்கள் களரிக்குக் குடும்பவாரியாக வசூலிக்கும் தலைக்கட்டு வரி நோட்டு எழுதுகிறேன். பெண்பிள்ளை நோட்டு எழுதுவதா என்று முதல் வருடம் பேச்சு வந்தது. கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் வந்ததும் பேச்சு நின்றது. வெளிநாட்டில் இருக்கும்போதும் “உங்க பங்காளி இன்னும் தரலை” என்று எனக்கு போன் வரும். அந்த போன் வரும் வரை கமுதியும் எனக்கு ஒரு கஃபே மாதிரிதான் இருந்தது. ஈரோட்டில் நீ இல்லாவிட்டால் நின்றுபோகிற மாதிரி ஒரு சின்ன வேலையைத் தேடிப் பிடி.

கேள்வி: மொழி தெரியாத ஊரில் வருடக்கணக்கில் எப்படி இருக்கிறீர்கள்? உள்ளூர் மொழியைக் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: எழுதப் படிக்க இன்னும் திணறுகிறேன், ஆனால் சந்தையில் பேசிவிடுவேன். என் அனுபவத்தில் முதலில் கற்க வேண்டியது உறவுச் சொற்கள். தாய் மொழியில் மூத்தவரை ‘பீ’, இளையவரை ‘நோங்’, பெற்றோரைவிட மூத்த பெண்ணை ‘பா’, ஆணை ‘லுங்’ என்பார்கள். நாம் பஸ் டிரைவரை அண்ணே என்றும் காய்க்காரரை அக்கா என்றும் கூப்பிடுவது மாதிரியேதான், அறியாதவர்களையும் இப்படித்தான் அழைக்கிறார்கள். பார்த்ததும் ‘கின் காவ் ரு யாங்’ என்று கேட்பார்கள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். மதுரைக்காரருக்கு இதில் அந்நியம் என்ன இருக்கிறது?

இன்னொன்று. சியாங் மாய் வடக்கே இருக்கிறது, லான்னா அரசின் தலைநகராக மங்ராய் மன்னர் 1296இல் நிறுவிய ஊர். வீட்டுக்குள் பேசுவது கம் முவாங் என்ற வட்டாரப் பேச்சு. சாப்பாடு ருசியாக இருக்கிறது என்பதற்கு பாங்காக் தாயில் ‘அரோய்’, இவர்கள் பேச்சில் ‘லம்’. காவ் சோய் என்று ஒரு நூடுல்ஸ் குழம்பு உண்டு, தேங்காய்ப்பால் விட்டது. அதைச் சாப்பிட்டுவிட்டு முதல்முறை ‘லம்’ என்றபோது கடைக்காரம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் இரண்டு வருடம் அதே கடையில் சாப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டிய பொருள் எது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கொண்டுபோவதைவிட விட்டுவிட்டு வருவதைப் பற்றி யோசியுங்கள். பாவின் மாடிப்படிக்குக் கீழே என் தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. இரும்பு தோசைக்கல், மழைக்கோட்டு, இரண்டு புடவை, அகல் விளக்குகள். சாவி பாவிடம். பினாங்கில் ஒரு குடையும் குக்கரும் அரிவாள்மனையும் வைத்திருக்கிறேன். அரிவாள்மனையை விமானத்தில் கொண்டுபோனதில்லை, அங்கேயே லிட்டில் இந்தியாவில் வாங்கினேன். இப்படி விட்டுவந்த பிறகு என் கைப்பெட்டி ஏழு கிலோவைத் தாண்டுவதில்லை.

கேள்வி: என் மகனுக்கு 31 வயது. மூன்று வருடமாக போர்ச்சுகல், மெக்சிகோ, வியட்நாம் என்று இருக்கிறான். கேட்டால் ‘வீடு என்பது ஒரு மனநிலை அப்பா’ என்கிறான். அவனுக்காகக் கட்டிய மாடி பூட்டிக் கிடக்கிறது. இந்தத் தலைமுறைக்கு ஊர்ப்பற்றே இல்லாமல் போய்விட்டதா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஐயா, உங்கள் மகன் சொல்லும் அந்த வாக்கியத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. வீடு என்றால் கூரை, குழாய், பக்கத்து வீட்டுக்காரர், அவர் வீட்டு நாய். மனநிலை மட்டும் போதும் என்றால் நம் யாருக்கும் ஊர் ஞாபகத்தில் தொண்டை அடைக்காது.

ஆனால் அவருக்குப் பற்று இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போனில் அவரிடம் என்ன பேசுகிறீர்கள்? என் அம்மா பல வருடம் இரண்டே கேள்விதான் கேட்பார். சாப்பிட்டியா, எப்ப வர்றே. இரண்டுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லி வைத்துவிடுவேன். 2024 ஜூலையில் அம்மாவைப் பினாங்குக்கு அழைத்துப் போனேன். 2023 டிசம்பரிலிருந்து மலேசியா நமக்கு முப்பது நாள் வரை விசா இல்லாமல் அனுமதி கொடுக்கிறது, அதனால் அது எளிதாகவும் இருந்தது.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833இல் வந்தது. அதன் வாசலில் அம்மா பூ வாங்கினார். பூக்காரம்மா தமிழில் விலை சொன்னதும் அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. தன் பாட்டன் தோட்ட வேலைக்கு வந்தவர் என்றார் பூக்காரம்மா. எந்தச் சீமையிலிருந்து என்று அம்மா கேட்க, பேச்சு முக்கால் மணி நேரம் போனது. சூலியா தெரு என்று ஒன்று இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்துக்கு வந்த தமிழ் முஸ்லிம்களை அப்படித்தான் அழைத்தார்கள். அவர்கள் தொடங்கிய நாசி கண்டார் சாப்பாட்டை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். தோளில் காவடி மாதிரி கம்பு போட்டு, ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானையாகத் தூக்கிப் போய் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு அது. நடந்து விற்றவர்கள்தான், ஆனால் தினமும் ஒரே இடத்தில் இறக்கி வைப்பார்கள், அப்போதுதான் ஆள் தேடி வரும் என்று கடைக்காரர் சொன்னார். என் தாத்தாவே எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு.

இப்போது அம்மா போனில் வேறு கேள்விகள் கேட்கிறார். பூக்காரம்மாவுக்குக் கால்வலி தேவலையா? மாடியில் துணி காயப்போடும் கம்பியை மாற்றினார்களா? எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

உங்கள் மகன் இருக்கும் தெருவின் பெயரைக் கேளுங்கள் ஐயா. கீழ் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால் அவரே யோசிப்பார். உடம்பு இடம் கொடுத்தால் ஒரு மாதம் அவரோடு போய் இருந்துவிட்டு வாருங்கள். அந்த மாடியை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிட்டு, வாடகைக் கணக்கையும் குழாய் ரிப்பேரையும் அவர் தலையில் போடுங்கள். பூட்டிய மாடியைப் பற்றி வருடத்துக்கு ஒருமுறை நினைப்பவர், ஒழுகும் குழாயைப் பற்றி வாரத்துக்கு ஒருமுறை நினைப்பார்.

கேள்வி: விசா, வரி பற்றி இரண்டு வரியில் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், கோவை

பதில்: தாய்லாந்து 2024 ஜூலையில் டிடிவி என்ற ஐந்து வருட விசாவைத் தொடங்கியது. ஒரு நுழைவுக்கு 180 நாள், வங்கியில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். மலேசியாவில் 2022இல் வந்த டி ரன்தாவ் அனுமதி இருக்கிறது, தொழில்நுட்ப வேலை என்றால் வருட வருமானம் 24,000 டாலராவது வேண்டும். வரியில் முதல் கணக்கு நாட்கணக்கு: ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே குடியிருப்பவர். தாய்லாந்தில் ஒரு காலண்டர் வருடத்தில் 180 நாள் சேர்ந்தால் அங்கேயும் அப்படித்தான். இதற்கு மேலும் கிளை விதிகள் உண்டு, விதிகள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. கிளம்பும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள், ஒரு நல்ல ஆடிட்டரிடம் உட்காருங்கள். சுற்றுலா என்று சொல்லி நுழைந்து வேலை பார்ப்பதை நான் யாருக்கும் சொல்லித் தரமாட்டேன்.

கேள்வி: கார்த்திகை தீபத்துக்கு ஊரில் இருக்க மாட்டீர்களே, வருத்தமாக இல்லையா?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: திருவண்ணாமலையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததே சந்தோஷமாக இருக்கிறது. முதல் வருடம் மிகவும் வருத்தமாக இருந்தது. அப்புறம்தான் கண்டுகொண்டேன், சியாங் மாயிலும் நவம்பர் பௌர்ணமியை ஒட்டி யீ பெங் என்று விளக்குத் திருவிழா. வானத்தில் காகித விளக்கு விடும் படங்களைப் பார்த்திருப்பீர்கள், வெளியூர்க்காரர்கள் வருவது அதற்காகத்தான். வீட்டுக்காரர்கள் செய்வது அதுவல்ல. சின்ன மண் அகலில் திரி போட்டு மதில் மேலும் வாசலிலும் வரிசையாக ஏற்றுகிறார்கள். அந்த அகலுக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘பாங் பதீப்’. அதில் வரும் ‘பதீப்’, பிரதீபம் என்ற சொல்லேதான்.

2023இல் நமக்கு நவம்பர் 26 கார்த்திகை, அவர்களுக்கு 27 பௌர்ணமி விழா. ஒருநாள் முன்னதாக நான் மட்டும் வாசலில் விளக்கு வைத்ததைப் பார்த்து, தேதியை மாற்றிப் புரிந்துகொண்டேன் என்று பா பதறினார். எங்கள் ஊரில் இன்று என்று சொன்னேன். உள்ளே போய்த் தன் அகல்களையும் எடுத்துவந்து வைத்தார். அடுத்த வருடம் அவர்களுக்கு நவம்பர் 15, நமக்கு டிசம்பர் 13. ஒரு மாதம் தள்ளி அந்தத் தெருவில் எங்கள் வாசலில் மட்டும் விளக்கு எரிந்தது. எதிர்வீட்டுக் குழந்தைகள் வந்து நின்று பார்த்தார்கள், பொரி உருண்டை கொடுத்தேன்.

கேள்வி: 2025 ஜூலையில் மெக்சிகோ சிட்டியில் உங்களைப் போன்றவர்களுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். உள்ளூர்க்காரர்களின் வாடகையை ஏற்றிவிட்டு ‘ஊரை நேசிக்கிறேன்’ என்று சொல்வது நியாயமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: நியாயமான கோபம். ரோமா, கொண்டேசா என்ற பகுதிகளில் நடந்த ஊர்வலம் அது. டாலரில் சம்பாதிப்பவர் தரும் வாடகையை பெசோவில் சம்பாதிப்பவரால் தர முடியாது. வீட்டுக்காரர் மாத வாடகையை விட்டு நாள் வாடகைக்கு மாறுகிறார், அங்கேயே பிறந்து வளர்ந்தவர் நகரத்தின் ஓரத்துக்குப் போகிறார். லிஸ்பனிலும் இதே வேதனைதான். வீட்டுப் பற்றாக்குறைக்கு வேறு காரணங்களும் இருக்கின்றன என்பது உண்மை. அதைச் சொல்லி என் பங்கைக் கழித்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

நான் செய்வது இவ்வளவுதான்: ஆப் வழியாக அறை எடுப்பதில்லை. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் மாத வாடகை என்னவென்று விசாரித்து அதைத்தான் கொடுப்பேன். கூடுதலாகக் கொடுத்துக் கெடுப்பதில்லை, பேரம் பேசி அடிப்பதும் இல்லை. இருந்தாலும் பாவின் மாடியில் எனக்கு முன்னால் மாணவிகள் தங்கியிருந்தார்கள். நான் இல்லாத மாதங்களில் இப்போதும் ஒரு மாணவி இருக்கிறாள். நவம்பரில் நான் வந்ததும் அவள் பக்கத்து அறைக்கு மாறுகிறாள். அது சின்ன அறை. அவளுக்கு அதில் மனக்குறை இல்லை என்று பா சொல்கிறார். நான் அவளிடம் நேராகக் கேட்டதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, இந்த நவம்பரில் சின்ன அறையை நான் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்தவன். 1990இல் பதினாறு வயதில் ஒரு சைக்கிளோடு வெளிக்கிட்டோம். இப்போது ஸ்காபரோவில் இருக்கிறேன். 2017இல் ராணுவம் எங்கட பக்கத்தை விட்ட பிறகு போய்ப் பார்த்தேன். வீடு இல்லை. கிணறு மட்டும் இருந்தது. அள்ளிக் குடித்தேன், அதே ருசி. நீங்கள் விரும்பி ‘நாடோடி’ என்று உங்களைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது. கோபம் இல்லை. கேட்க வேண்டும் போல் இருந்தது.
– ஒரு வாசகர், ஸ்காபரோ, கனடா

பதில்: அண்ணா, உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பல தடவை படித்துவிட்டேன்.

நான் கிளம்பும்போது கமுதி வீட்டைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுக்கிறேன். திரும்பி வரும் நாளையும் சொல்லிவிட்டுப் போகிறேன். என் தாத்தாவும் அப்படித்தான் போனார். ஆறு மாதம் மந்தையோடு அலைந்தாலும் அவருக்குக் களரிக்கு வந்து நிற்க ஒரு மண் இருந்தது, அதை யாரும் முள்வேலி போட்டு மறிக்கவில்லை. நாங்கள் போய்வருகிறவர்கள். நீங்கள் இருபத்தேழு வருடம் போக முடியாமல் இருந்தவர். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட முடியாது. நாடோடி என்று என்னைச் சொல்லிக்கொண்டபோது உங்களைப் போன்றவர் படிப்பார் என்று நான் நினைத்திருக்க வேண்டும். இனி இந்தப் பக்கத்தில் என்னைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல்லை எடுக்கமாட்டேன்.

உங்கள் கடிதத்தில் அந்தக் கிணற்று வரியிலேயே நின்றுவிட்டேன். இறைக்க ஆள் இல்லாத கிணறு பாழாகிவிடும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். உங்கள் கிணறு இத்தனை வருடம் கழித்தும் அதே ருசியில் தண்ணீர் கொடுத்திருக்கிறது. இப்போது அதை யார் இறைக்கிறார்கள் அண்ணா? பக்கத்துக் காணிக்கு ஆட்கள் வந்துவிட்டார்களா? அடுத்த முறை எப்போது போகிறீர்கள்? எழுதுங்கள்.